உள்ள வந்து பாருங்க!

சந்தாபுரா சர்க்கிளில் இருந்து ஆனேக்கல் ரோட்டில் நடந்தாலும் சரி, ஓசூர் ரோட்டில் அத்திப்பள்ளி வரைக்கும் வண்டியில் போனாலும் சரி, மரச்செக்கு எண்ணெய்க் கடைகள் கண்ணில் படாமல் இருக்காது. இந்தக் கடைகளில் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். செக்கைப் பின்னறையில் வைத்திருக்க மாட்டார்கள். ரோட்டைப் பார்த்தபடி, கல்லாவுக்கும் முன்னால் அது சுற்றிக்கொண்டிருக்கும். வாடகைக் கணக்குப் பார்க்கிறவருக்கு இது அநியாயமாகத் தெரியும். கடையிலேயே விலை உயர்ந்த இடம் ரோட்டுப் பக்கம்தான். அங்கே பாட்டில்களை அடுக்காமல் யாராவது இயந்திரத்தை நிறுத்துவார்களா?

நிறுத்துவார்கள். எண்ணெய் வாங்க வருகிறவர் மனதில் ஓடுவது ஒரே சந்தேகம்தான்: இதில் பாமாயில் கலந்திருப்பானோ? யாரும் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டாலும் "சேச்சே, இல்ல சார்" என்பதைத் தவிர வேறு பதில் வரப்போவதில்லை. வேர்க்கடலைப் பருப்பு உள்ளே போவதையும், புண்ணாக்கு ஒதுங்குவதையும், எண்ணெய் கலங்கலாக வழிவதையும் நின்று பார்த்துவிட்டவர் அந்தச் சந்தேகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார். விலைப் பேச்சும் அடங்கிவிடும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். அதைச் சொல்லிக் கேட்டால் வியாபாரப் பேச்சு. மூட்டை காலியாவதைக் கண்ணால் பார்த்தால் கணக்கு தானாகப் புரியும்.

மார்க்கெட்டிங் ஆட்கள் இன்று "பிஹைண்ட் த சீன்ஸ் கன்டென்ட்" என்று வகுப்பெடுக்கும் சங்கதியை இந்தச் செக்குக்காரர்கள் வகுப்புக்குப் போகாமலே செய்துகொண்டிருக்கிறார்கள். பரோட்டா கல்லைக் கடை வாசலில் போட்ட நம்மூர் மாஸ்டர்களும் அப்படித்தான். மாவை வீசி விரிக்கிற வித்தை உள்ளே மறைந்திருந்தால் பாதிக் கூட்டம் வராது.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் அடுக்ககத்தில் இட்லிப் பொடியும் ரசப்பொடியும் செய்து விற்கும் ஒரு தங்கச்சி. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். லிஃப்ட்டில் பார்த்தபோது கேட்டாள்.

"அண்ணா, ஆஃபர்னு போஸ்டர் பண்ணிப் போட்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல. மொட்டமாடியில மிளகா காயப்போட்டத சும்மா ஸ்டேட்டஸ் வெச்சேன். இது எந்த மிளகா, எங்க வாங்கினீங்க, எத்தன நாள் காயணும்னு வரிசையா கேக்கறாங்க. பொடிய விட்டுட்டு மிளகாயப் பத்தியே கேக்கறாங்கண்ணா!"

"அதுதாம்மா மார்க்கெட்டிங்" என்று சொல்லிவிட்டு என் மாடியில் இறங்கிவிட்டேன். அது ஒரு பதிலே இல்லை. நிதானமாகச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் எங்கோ அமெரிக்காவில் இல்லை, எங்கள் ஆனேக்கல் தாலுகாவிலேயே இருக்கிறது: ஐடி ஃபிரெஷ் ஃபுட். இட்லி, தோசை மாவு பாக்கெட்டில் விற்கிறார்களே, அவர்கள்தான். கதையின் தொடக்கம் பலருக்கும் தெரிந்திருக்கும். வயநாட்டில் ஒரு கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் பி.சி.முஸ்தஃபா. ஆறாம் வகுப்பில் ஃபெயில் ஆனவர், பிறகு கோழிக்கோடு பொறியியல் கல்லூரி, வெளிநாட்டு வேலை, பெங்களூரு ஐஐஎம் என்று போனவர். திப்பசந்திராவில் மளிகைக் கடை வைத்திருந்த அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர்கள், பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி விற்கப்படும் மாவைப் பற்றி வாடிக்கையாளர்கள் குறைப்படுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2005-இல் 50 சதுர அடிச் சமையலறையில், 50,000 ரூபாய் முதலீட்டில் தொழில் தொடங்கியது.

மாவு என்ற பண்டத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். நம்முடைய வீடுகளில் அரிசி ஊறவைப்பதும் உளுந்து அரைப்பதும் இரவெல்லாம் புளிக்கவிடுவதும் அம்மாவின் கண் முன்னால் நடந்த வேலை. யார் கை பட்டது, எந்தத் தண்ணீர், கிரைண்டரை எப்போது கழுவினார்கள் எல்லாம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதே மாவு பாக்கெட்டில் வந்ததும் வெள்ளையாக, புளித்த வாசனையோடு, எதுவும் சொல்லாமல் இருக்கிறது. பார்த்தால் தெரியாது, முகர்ந்தாலும் பாதிதான் தெரியும். பிஸ்கட்டை நாம் யாரும் வீட்டில் செய்து பார்த்ததில்லை. அதனால் பிஸ்கட் கம்பெனியைக் கேள்வி கேட்பதும் இல்லை. மாவுக்காரர் மட்டும் நம் ஒவ்வொருவரின் அம்மாவோடும் போட்டி போட வேண்டியிருக்கிறது. அதனால் வதந்தி பற்றிக்கொள்ள இதைவிடத் தோதான பண்டம் கிடையாது.

பற்றவும் செய்தது. 2021 செப்டம்பரில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. ஐடி மாவில் மாட்டெலும்பும் கன்றுக்குட்டியின் வயிற்றில் இருந்து எடுக்கும் ரென்னெட்டும் கலக்கிறார்கள் என்றது அந்தச் செய்தி. கூடவே, நிறுவனத்தை நடத்துபவர்களின் மதமும் அங்கே வேலை செய்பவர்களின் மதமும் இழுக்கப்பட்டன. எந்த ஆதாரமும் கிடையாது. அரிசி, உளுந்து, வெந்தயம், சுத்திகரித்த தண்ணீர், இவ்வளவுதான் என்று நிறுவனம் மறுத்தது. வாட்ஸ்அப்பிடம் புகாரும் கொடுத்தது. எலும்பு போட்டால் மாவு புளிக்குமா, கெடுமா என்று ஒரு நிமிடம் யோசித்தாலே அந்த ஃபார்வர்டு கையில் உதிர்ந்துவிடும். யோசிக்க நேரமில்லாதவர்களுக்காக எழுதப்பட்டதுதானே அது.

மறுப்பு அறிக்கைக்கு என்ன மரியாதை என்று நமக்குத் தெரியும். பொய் குடும்பக் குழுவில் வரும். மறுப்பு பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் வரும். இரண்டும் சந்திப்பதே இல்லை. இந்த நிறுவனம் அறிக்கையோடு நிற்காமல் பின்னர் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. ஆலைக்குள் கேமரா வைத்து, மாவு தயாராவதை நேரலையாக யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். டிரான்ஸ்பரன்-சீ என்று அதற்குப் பெயர்.

அந்த நேரலையை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அதிகம் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஸ்டீல் குழாய், ஸ்டீல் தொட்டி, வெள்ளைத் தொப்பி போட்டவர்கள், ஓடும் பாக்கெட்டுகள். சீரியல் அளவுக்குச் சுவாரசியம் கிடையாது. ஆனால் நேரலையின் பலன் பார்ப்பதில் இல்லை, பார்க்க முடியும் என்பதில் இருக்கிறது. எந்த நேரமும் யாராவது எட்டிப்பார்க்கலாம் என்ற நிலையை ஒருவர் தானாக ஏற்றுக்கொள்கிறார் என்றால், மறைக்க ஒன்றும் இல்லை என்று வாங்குகிறவரே முடிவு செய்துகொள்கிறார். அந்த முடிவைக் கம்பெனி வாயால் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டோம்.

இதே நிறுவனம் முன்பு பெங்களூரு அடுக்ககங்களில் "டிரஸ்ட் ஷாப்" என்று ஒன்று வைத்தது. ஒரு குளிர்பெட்டி, உள்ளே மாவும் பரோட்டாவும், பக்கத்தில் காசு போட ஒரு பெட்டி. கடைக்காரர் இல்லை, கண்காணிப்புக் கேமராவும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரு ஒழுங்கு தெரிகிறது. வாங்குகிறவர் மேல் கேமரா வைக்காதவர்கள், சந்தேகம் வந்தபோது கேமராவைத் தங்கள் பக்கம் திருப்பினார்கள். நம் கடைத்தெருவில் வழக்கம் இதற்கு நேர் எதிர். சூப்பர் மார்க்கெட்டில் நம் தலைக்கு மேல் ஆறு கேமரா இருக்கும். எண்ணெயும் பருப்பும் எங்கே பாக்கெட் ஆகிறது என்பதற்கு ஒரு போட்டோ கூட இருக்காது.

இந்த யோசனை புதிதா என்றால், இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் பழசு. கிளாட் ஹாப்கின்ஸ் என்று ஒரு அமெரிக்க விளம்பர எழுத்தாளர் இருந்தார். 1927-இல் வெளிவந்த தன் வரலாற்றில் இந்தக் கதையைச் சொல்கிறார். ஷ்லிட்ஸ் என்ற பீர் கம்பெனி அப்போது அமெரிக்காவில் ஐந்தாவது இடத்தில் இருந்தது. எல்லாக் கம்பெனிகளும் "எங்கள் பீர் சுத்தமானது" என்று ஒரே வார்த்தையைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்துகொண்டிருந்தன. ஹாப்கின்ஸ் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனார். கண்ணாடி அறைக்குள் வடிகட்டிய காற்றில் பீர் குளிர்வதைப் பார்த்தார். பம்புகளையும் குழாய்களையும் தினம் இரண்டு முறை சுத்தம் செய்வதையும், பாட்டிலை நான்கு முறை கழுவுவதையும் பார்த்தார். பக்கத்திலேயே மிச்சிகன் ஏரி கிடக்க, நல்ல தண்ணீருக்காக 4,000 அடி ஆழக் கிணறு தோண்டியிருந்தார்கள். "இதையெல்லாம் ஏன் ஜனங்களிடம் சொல்வதில்லை?" என்று கேட்டிருக்கிறார். "இதில் சொல்ல என்ன இருக்கிறது, எல்லாப் பீர்க் கம்பெனியும் இப்படித்தான் செய்கிறது" என்பது அவர்கள் பதில்.

அவர் அதைத்தான் எழுதினார். எல்லாரும் செய்கிற, ஒருவரும் சொல்லாத வேலையை முதலில் சொன்னவர் அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். சில மாதங்களில் ஷ்லிட்ஸ் முதலிடத்துக்குப் போட்டி போடும் அளவுக்கு வந்துவிட்டது என்கிறார். விளம்பரக்காரர் தன் பெருமையைத் தானே எழுதியது என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆலைக்காரர் சொன்ன பதில் இருக்கிறதே, அதை இன்று வரைக்கும் தினமும் கேட்கிறேன். பொடி செய்யும் தங்கச்சியும் அதையேதான் சொன்னாள்: "மிளகா காயவெக்கறதுல என்னண்ணா இருக்கு, எல்லாரும் செய்யறதுதான?" செய்கிறவருக்குத் தினசரி அலுப்பு, வாங்குகிறவருக்குப் புதுச் செய்தி. தொழில் பழகப் பழக, எது செய்தி என்பது செய்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அதனால்தான் வெளியாள் ஒருவர் வந்து "அட, இது என்ன?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பெங்களூருக்காரர்களுக்கு எம்.டி.ஆர். கதையும் தெரிந்திருக்க வேண்டும். 1924-இல் தொடங்கிய ஓட்டல். அதை நடத்திய யக்ஞநாராயண மையா 1951-இல் ஐரோப்பா போய்விட்டு வந்து, அங்கே பார்த்த சுத்தத்தை லால்பாக் ரோட்டுச் சமையலறையில் கொண்டுவந்தார். சாப்பிட வருபவர்கள் சமையலறையை எட்டிப்பார்க்கலாம் என்ற வழக்கமும் அந்த ஓட்டலின் பெயரோடு சேர்ந்தே பேசப்பட்டது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது எமர்ஜென்சி காலத்துச் சம்பவம். ஓட்டல் சாப்பாட்டை இந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று அரசு கட்டுப்பாடு போட்டது. அந்த விலையில் அதே தரத்தைக் கொடுத்தால் நஷ்டம். எம்.டி.ஆர். தரத்தைக் குறைக்கவில்லை, இன்றைய நஷ்டம் இவ்வளவு என்று தினமும் போர்டில் எழுதி வெளியே வைத்தது. கடைசியில் ஓட்டலை மூட வேண்டிவந்தது. ரெடி மிக்ஸ் வியாபாரம் வளர்ந்தது அந்தக் கட்டத்தில்தான்.

சமையலறையைத் திறந்து காட்டுபவர்கள் உண்டு. கணக்கு நோட்டைத் திறந்து காட்டியவர் யார்? லாபம் வரும்போது காட்டுவது கஷ்டம், நஷ்டம் வரும்போது காட்டுவது இன்னும் கஷ்டம். "விலை ஏன் ஏறியது" என்று விளக்க முடியாமல் தவிக்கும் சிறுதொழில்காரர்கள் இந்தப் போர்டைப் பற்றி யோசிக்கலாம். தேங்காய் விலை ஏறிய மாதத்தில் தேங்காய் வாங்கிய பில்லைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்தால் போதும். நான்கு பத்தி மன்னிப்பு எழுத வேண்டாம்.

பெரிய கம்பெனிகள் இதே வேலையைச் செய்யும்போது கூடவே ஒரு நடிகரையும் அழைத்துக்கொள்கின்றன. 2003 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் கேட்பரி சாக்லேட்டில் புழு இருந்ததாகப் பிரச்சினை எழுந்தது. கம்பெனி பாக்கெட்டை மாற்றியது, கடைகளில் சாக்லேட்டை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது. பிறகு அமிதாப் பச்சன் ஆலைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து நம்மிடம் உத்தரவாதம் சொன்னார். குளிர்பானங்களில் பூச்சிமருந்து இருப்பதாக எழுந்த பிரச்சினைக்குப் பிறகு கோக்குக்காக ஆமிர் கான் ஆலையைச் சுற்றிப் பார்த்தார். பலன் இருந்திருக்கும். ஆனால் அங்கே நாம் ஆலையைப் பார்க்கவில்லை, ஆலையைப் பார்த்த நடிகரைப் பார்த்தோம். நடிகரைக் கூப்பிடக் கையில் காசில்லாத நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு ஆறுதல் உண்டு. நம் சமையலறைக்குள் வாடிக்கையாளர் நேராகவே வரலாம்.

மெக்டொனால்ட்ஸ் கனடா 2012-இல் செய்ததை இவை எல்லாவற்றையும்விட உயர்வாக வைப்பேன். "விளம்பரப் படத்தில் இருக்கும் பர்கர் மாதிரி கடையில் வாங்கும் பர்கர் ஏன் இல்லை?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். மழுப்பாமல், போட்டோ எடுக்கும் ஸ்டுடியோவுக்கே கேமராவோடு போய்க் காட்டினார்கள். கடையில் நிமிடத்தில் தயாராகும் பர்கரை அங்கே ஒருவர் மணிக்கணக்கில் அலங்காரம் செய்கிறார். வெங்காயமும் ஊறுகாயும் வெளியே தெரியும்படி முன்பக்கம் தள்ளி அடுக்குகிறார். உள்ளே இருப்பது அதே சாமான்தான் என்று தெரிந்தது. விளம்பரம் ஒப்பனைதான் என்பதும் தெரிந்தது. தங்களுக்குக் கொஞ்சம் சங்கடம் தரும் கேள்வியை எடுத்துக்கொண்டதால்தான் அந்த வீடியோ உலகம் முழுக்க ஓடியது.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. தயாரிப்பைக் காட்டுவதால் மட்டும் யாரும் நம்புவதில்லை. வாங்குகிறவர் எதைச் சந்தேகப்படுகிறாரோ அந்த இடத்தைக் காட்ட வேண்டும். ரீல்ஸில் இன்று ஓடும் "மேக்கிங்" வீடியோக்களில் முக்கால்வாசி இந்தச் சோதனையில் தேறாது. மெதுவாக விழும் மாவு, புல்லாங்குழல் இசை, பித்தளைப் பாத்திரம், மண் அடுப்பு. அந்தப் பித்தளைப் பாத்திரம் படப்பிடிப்புக்காக இரவல் வாங்கியது என்று பார்த்தாலே தெரிகிறது. உண்மையில் வேலை நடக்கும் ஸ்டீல் டிரம்மைக் காட்டியிருந்தால் நான் ஆர்டர் போட்டிருப்பேன். இப்போது செயற்கை நுண்ணறிவு பாட்டியையும் அடுப்பையும் புகையையும் சேர்த்தே வரைந்து கொடுத்துவிடுகிறது. அழகான தயாரிப்பு வீடியோவுக்கு இனி மதிப்புக் குறையத்தான் போகிறது.

அதற்காக, வேலையைப் பார்ப்பதில் இருக்கும் சுகத்தை நான் மறுக்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் இருந்து 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. அண்டா நிறைய ஆக்குவதை அப்படியே காட்டியதுதான் அவர்கள் முதலீடு. சன்னபட்டணா பொம்மை செய்வதையும் நான் அலுக்காமல் பார்ப்பேன். வெட்பாலை மரக்கட்டை கடைசலில் சுற்றும். அதன் மேல் நிற அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். காய்ந்த தாழை ஓலையை வைத்துத் தேய்த்ததும் பளபளப்பு வந்துவிடும். பெயின்ட் பிரஷ் எங்கேயும் வராது. குழந்தை வாயில் வைக்கும் பொம்மை ஆயிற்றே என்று பயப்படும் அம்மாவுக்கு அந்த அரை நிமிடக் காட்சி எந்தச் சான்றிதழைவிடவும் மேல். அங்கே சுகமும் பதிலும் ஒன்றாகவே கிடைக்கின்றன. கொடுத்துவைத்த தொழில்.

திருநெல்வேலிக்காரர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். இருட்டுக்கடை அல்வா என்ன, நேரலை போட்டா விற்கிறது? நெல்லையப்பர் கோயில் எதிரே, பெயர்ப் பலகை இல்லாமல், மங்கலான வெளிச்சத்தில், சாயங்காலம் திறந்து கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும் கடை. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒப்புக்கொள்கிறேன். தலைமுறை தலைமுறையாகத் தின்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லியாகிவிட்ட பண்டத்துக்குச் சன்னல் தேவையில்லை. நேற்று வாட்ஸ்அப்பில் கடை திறந்தவருக்கு அந்த வசதி கிடையாது.

இதுவரை வாங்குகிறவர் பக்கம் மட்டும் பார்த்தோம். வேலை செய்கிறவர் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த ரயன் பியூவலும் அவருடைய சகாக்களும் ஒரு கேன்டீனில் சோதனை நடத்தினார்கள். சமைப்பவர்களும் சாப்பிட வருபவர்களும் ஒருவரையொருவர் பார்க்க முடியாத இடம் அது. வீடியோ இணைப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிடுகிறவர்களைச் சமைப்பவர்கள் மட்டும் பார்க்க முடிந்தபோதே, சாப்பிட்டவர்களின் திருப்தி 10 சதவீதம் கூடியது. இரு பக்கமும் பார்த்துக்கொண்டபோது 17 சதவீதத்தைத் தாண்டியது. சாப்பாடே மேம்பட்டுவிட்டது என்றுதான் இதற்கு அர்த்தம். தன் தோசையை ஒரு குழந்தை ஆசையாகத் தின்பதைப் பார்க்கும் சமையல்காரர் அடுத்த தோசையை இன்னும் கொஞ்சம் அக்கறையாகத்தான் வார்ப்பார். நம்மூர் தர்ஷினி ஓட்டல்களில் கல்லுக்குப் பின்னால் நிற்பவர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே வார்ப்பது இதனால்தான் நல்லது.

கேமராவுக்கு இன்னொரு முகமும் உண்டு. சந்தாபுராவில் குடியிருப்பவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. பொம்மசந்திரா, ஜிகணி ஆலைகளிலும் ஓசூர் ரோட்டு கார்மென்ட்ஸிலும் வேலை செய்கிறவர்கள் இங்கே ஒற்றை அறை வீடுகளில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கேமரா என்றால் சூப்பர்வைசர். எத்தனை நிமிடம் பாத்ரூமில் இருந்தாய் என்று கேட்கிற கருவி. முதலாளிக்கு அது மார்க்கெட்டிங் சன்னல். அதன் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிற பெண்ணுக்கு அது வேறு. "எங்கள் குடும்பம்" என்று தலைப்புப் போட்டுத் தையல் அறையில் ஆடச் சொல்லி எடுக்கும் ரீல்ஸைப் பார்க்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆடுகிறவர்களில் எத்தனை பேர் மனமுவந்து ஆடுகிறார்கள்? சொந்த ஊரில் கணவர் வீட்டாருக்குத் தெரியாமல் வேலைக்கு வந்தவர்கூட அதில் இருக்கலாம். கையைக் காட்டுங்கள், இயந்திரத்தைக் காட்டுங்கள். முகத்தைக் காட்ட முகத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும். "வேண்டாம்" என்று சொன்னால் வேலைக்கு ஆபத்து வராது என்ற நிலையில் கேட்க வேண்டும்.

சரி, பொடித் தங்கச்சிக்கு வருவோம். அவளிடம் வாங்குகிறவர்கள் எதைச் சந்தேகப்படுகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். மிளகாயில் சாயம் இருக்குமோ என்பது முதல் பயம். அப்படியானால் ப்யாடகி மிளகாயையும் குண்டூர் மிளகாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். நிறம் ப்யாடகியில் இருந்து வருகிறது, காரம் குண்டூரில் இருந்து வருகிறது, இந்த அளவில் கலக்கிறேன் என்று சொல்லிவிட்டால் சாயப் பேச்சு அடங்கும். அடுத்த சந்தேகம், பருப்பைப் பக்குவமாக வறுக்கிறாளா, மொத்தமாகக் கொட்டிக் கருக்குகிறாளா என்பது. வறுக்கும்போது கடாயை மேலிருந்து எடுத்தால் போதும். மூன்றாவது, யாரும் கேட்காதது, எல்லாரும் நினைப்பது: மிக்ஸியையும் பாத்திரத்தையும் எப்படிக் கழுவுகிறாள்? கழுவுகிற வீடியோ அழகாக இருக்காது. அதைத்தான் முதலில் போட வேண்டும்.

கைப்பக்குவ அளவு அத்தனையும் வெளியே போய்விடுமே என்று பயம் வரும். போகாது. செய்முறை தெரிந்தும் நேரமில்லாமல்தான் ஜனங்கள் பொடி வாங்குகிறார்கள். அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் பெருங்காய அளவை மட்டும் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஒரு கூடை மிளகாய் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போனால், அதையும் ஒரு படம் எடுத்துப் போடச் சொல்வேன். நனைந்த மிளகாயை அரைக்காமல் எறிந்தவள் என்று நாலு பேருக்குத் தெரிவது நல்லது. தோல்வியைக் காட்டியதால் யாரும் விலகிப் போய்விடுவதில்லை. சந்திரயான்-2-இன் லேண்டர் நிலவில் விழுந்த இரவையும் இஸ்ரோ நேரலையில் காட்டியது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியதை யூடியூபில் ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். திறந்த சன்னலை மூடினால், திறக்காமலே இருந்ததைவிடப் பெரிய சந்தேகம் வரும். ஆறு மாதம் தினமும் கடாயைக் காட்டிவிட்டு, ஆர்டர் கூடியதும் வெளியே அரைக்கக் கொடுத்தால், அதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லத் தயாராக இல்லாதவர்கள் ஆஃபர் போஸ்டரோடு இருந்துவிடலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இந்தப் பக்கம் வீட்டில் இருந்தோ சின்ன ஷெட்டிலோ எதையாவது செய்து விற்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடியோவுக்கு ஆள் தேடும் முன்னால், உங்கள் வாடிக்கையாளர் இருவரை அழைத்து வேலை நடக்கும் இடத்தை ஒரு மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் எந்த இடத்தில் நின்று கேள்வி கேட்கிறார்களோ அதைப் படமெடுங்கள். உடன் வேலை செய்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள்.